கணக்கு சரியாகத்தான் இருந்தது

என் காரின் டயரில் இப்போது 185/60 ஆர்15 84 ஹெச் என்று இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது வண்டியில் இருந்த அளவும் இதே 185/60 ஆர்15தான். நடுவில் கொஞ்ச காலம் அது 215/40 ஆர்17 83 என்று இருந்தது. கடைக்காரர் யாரும் அதை என் தலையில் கட்டவில்லை. கூட்டுக்காரர்கள் உசுப்பேற்றவும் இல்லை. நானே படித்து, நானே கணக்குப் போட்டு, நானே காசு கொடுத்து மாட்டியது. இப்போது நாகர்கோவிலில் கல்லூரிப் பையன்கள் புதிதாக வாங்கிய பழைய வண்டிக்கு 17 இஞ்ச் தேடி அலைவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி 2014-ஆம் வருட போலோ ஜிடி டிஎஸ்ஐ. செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி. வெளிநாட்டில் இதை ஸ்போர்ட்ஸ் கார் வரிசையில் நிறுத்தமாட்டார்கள். மாதச் சம்பளக்காரனுக்கு, ஆக்சிலரேட்டரை அமுக்கியதும் முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்துகிற வண்டி எதுவானாலும் ஸ்போர்ட்ஸ் கார்தான். டிஎன் 74 போர்டோடு அந்தச் சிவப்பு வண்டி வீட்டு முற்றத்தில் வந்து நின்றபோது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த எனக்கு இருபது வயது குறைந்துபோனது உண்மை.

ஒரே ஒரு குறைதான் கண்ணை உறுத்தியது. டயருக்கும் அதன் மேலே வளைகிற பாடிக்கும் நடுவே கை நுழைகிற அளவுக்கு இடைவெளி. 15 இஞ்ச் ரிம் அந்த உடம்புக்குச் சின்னதாகத் தெரிந்தது. அப்படித்தான் ராத்திரிகளில் டயர் அளவுகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

டயரில் எழுதியிருக்கிற எண்களைக் கவனிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது அந்த அகலத்தில் இத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்ற கணக்கு. கடைகளில் சைடுவால் என்பார்கள். ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் விட்டம், அது மட்டும் இஞ்சில். ஆக, 185-ல் 60 சதவீதம் 111 மி.மீ. மேலே ஒரு சைடுவால், கீழே ஒரு சைடுவால், மொத்தம் 222. ரிம் 381. கூட்டினால் சக்கரத்தின் முழு உயரம் 603 மி.மீ.

ரிம்மைப் பெரிதாக்கினாலும் இந்த 603 மாறக்கூடாது என்பது முதல் விதி. மாறினால் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும், கியர் விகிதம் மாறியதுபோல் வண்டி நடந்துகொள்ளும். சக்கரத்தின் வேகத்தை வைத்து வேலை செய்கிற ஏபிஎஸ்ஸும் இஎஸ்பியும் அளந்துவைத்த அளவை விட்டு விலகும். பழைய உயரத்திலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் போகாதே என்பது இந்தத் துறையில் எல்லோரும் சொல்கிற எல்லை. இதே போலோவுக்கு 205/55 ஆர்16 போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதன் உயரம் கிட்டத்தட்ட 632 மி.மீ. மீட்டரில் முள் அதே இடத்தில் நிற்கும்போது வண்டி முன்னைவிட 5 சதவீதம் கூடுதல் வேகத்தில் போகும்.

நான் அந்தத் தப்பைச் செய்யவில்லை. 17 இஞ்ச் ரிம் 431.8 மி.மீ. 215-ல் 40 சதவீதம் 86, இரண்டு பக்கமும் சேர்த்து 172. மொத்தம் 603.8. பழைய சக்கரத்துக்கும் புதிய சக்கரத்துக்கும் 0.8 மி.மீ.தான் வித்தியாசம். டயர் தேய்ந்தாலே அதைவிட அதிகம் மாறும். அந்த விடையைக் காகிதத்தில் பார்த்தபோது வந்த சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்ல முடியும். அந்த 0.8-தான் என்னைக் கெடுத்தது. ஒரு கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்துவிட்டதால் மற்றக் கணக்குகளைப் போட வேண்டும் என்றே தோன்றவில்லை.

அலாய் வீலைத் தேடிப் பிடித்தேன். போலோவுக்கு ஐந்து போல்ட், 100 மி.மீ. வட்டம். அது பொருந்தியது. ஹப்பின் நடுத்துளை 57.1 மி.மீ. வெளிக்கடை அலாய்கள் பல வண்டிகளுக்கும் ஆகட்டும் என்று பெரிய துளையோடு வரும். என்னுடையது 73.1. நடுவில் ஒரு பிளாஸ்டிக் வளையம் போட்டு ஒப்பேற்ற வேண்டும். ரிம்மின் அகலம் 7.5 இஞ்ச். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் ஒட்டுகிற முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை ஈடி என்று மி.மீ. கணக்கில் ரிம்மிலேயே அடித்திருப்பார்கள். அந்த எண் குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். என்னுடையது பழையதைவிடக் குறைவு. சக்கரம் பாடியின் விளிம்போடு ஒட்டி வந்து நின்றது. பார்க்க அவ்வளவு அழகு. அதற்காகவே அந்த ஈடியை எடுத்தேன்.

மாட்டிய அன்று சாயங்காலமே காவல்கிணற்றுக்கு விட்டேன். அங்கிருந்து கன்னியாகுமரிக்கு நான்குவழிச் சாலை. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வருகிற காற்று காற்றாலைகளையும் சுற்றி, போகிற வண்டியையும் ஒரு தள்ளுத் தள்ளுகிற இடம். பழைய டயரில் அந்தக் காற்றுக்கு வண்டி லேசாக நெளியும். புதிய டயர் நெளியவில்லை. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினேனோ அவ்வளவுக்கு, அந்தக் கணமே வண்டி திரும்பியது. சைடுவால் குட்டையானால் டயர் வளைந்து கொடுப்பது குறையும், அதனால் வருகிற துல்லியம் இது. இந்தச் சுகத்தைப் பொய் என்று சொல்லமாட்டேன். பெரிய வீல் போடுகிறவன் எல்லாம் வெறும் பகட்டுக்குப் போடுகிறான் என்பவர்கள் நல்ல சாலையில் ஒரு முறை ஓட்டிப் பார்க்காதவர்கள்.

ஆனால் என் பிழைப்பு அந்தச் சாலையில் இல்லை. எனக்கு வாய்த்தது பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம் என்று போகிற பழைய ரோடு. முன்பு தேசிய நெடுஞ்சாலை 47 என்றோம், இப்போது 66 என்கிறார்கள். எண் மாறியதே தவிர அகலம் பெரிதாக மாறவில்லை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அது ஓய்ந்தால் அக்டோபரில் வடகிழக்கு. இரண்டு மழையையும் வாங்குகிற மாவட்டம் இது. போட்ட ஒட்டு காய்வதற்குள் அடுத்த மழை வந்து பெயர்த்துப் போடும். மழை விட்டுவைத்ததை, கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப்போகிற டாரஸ் லாரிகள் இடித்துப்போகும். எங்கள் பக்கம் பெரும்பாலான சாலைகளுக்கும் இதுதான் கதை. அங்கே வண்டியில் இருப்பவர்களைக் காப்பாற்றுவது சைடுவாலுக்குள் இருக்கிற காற்று. என்னுடையது 111 மி.மீ.யிலிருந்து 86-க்கு வந்திருந்தது. ஒரு இஞ்ச் போயிருந்தது.

அம்மாவின் ஊர் குலசேகரம் பக்கம். மாமாவுக்கு அங்கே கொஞ்சம் ரப்பர் உண்டு. வெளுக்கும் முன்பே பால்வெட்டு முடிந்துவிடும். சிரட்டையில் சொட்டி நிறைந்த பாலை வாளியில் சேர்த்து, ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கி, புகைபோட்டு உலர்த்துவார்கள். தமிழ்நாட்டில் ரப்பர் என்றால் எங்கள் மாவட்டம்தான். கீரிப்பாறை, கோதையாறு, சிற்றாறு, மணலோடை பக்கமெல்லாம் அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள். இலங்கையிலிருந்து திரும்பிவந்த தமிழர்கள் பலருக்கு வாழ்வு கொடுத்த தோட்டங்கள் அவை. 1984-ல் அவை நாகர்கோவிலைத் தலைமையிடமாக வைத்த தனிக் கழகத்தின் கீழ் வந்தன. இயற்கை ரப்பரில் பெரும்பகுதி கடைசியில் டயருக்குத்தான் போகிறது. கார் டயரில் தரையைத் தொடுகிற பாகத்தில் செயற்கை ரப்பர் அதிகம். சுற்றுக்குச் சுற்று மடங்கி நிமிர வேண்டிய சைடுவாலில்தான் இயற்கை ரப்பரின் தேவை கூடுதல். மடங்கினாலும் சீக்கிரம் வெடிக்காத குணம் அதற்கு உண்டு.

புது வீலோடு முதல் தடவை அங்கே போனபோது மாமா வண்டியைச் சுற்றி வந்தார். முன்சக்கரத்தின் அருகே குத்தவைத்து, சைடுவாலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கவில்லை.

"மருமவனே, இதில ரப்பரு எங்க கெடக்கு? பூரா ரிம்முல்லா" என்றார்.

இப்போதைய ஸ்டைல் அதுதான் மாமா என்று சொல்லிவிட்டு வந்தேன். வாழ்நாள் முழுக்க ரப்பரோடு கிடந்த மனிதர் சொன்ன சொல்லைக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

அதன் பிறகு அம்மா என்னோடு ஊருக்கு வருவது குறைந்தது. நான் கூப்பிடுவேன். "நீ வேலையப் பாரு மக்ளே, நான் பஸ்ஸில போய்க்கிடுதேன். பொம்பளையளுக்குக் காசில்லல்லா" என்பாள். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்திருந்ததால் அந்தப் பதில் எனக்குப் பொருத்தமாகவே பட்டது. சன்னலோரம் இருந்து ஆட்களோடு பேசிப் போவது அவளுக்குப் பிடிக்கும் என்று நானே ஒரு காரணமும் சேர்த்துக்கொண்டேன். பஸ்ஸில் கூட்டத்தில் நெருக்கியடித்து, வடசேரியில் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருகிறவளை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். பக்கத்தில் கார் நிற்கும்.

ஜூன் மாதம், மார்த்தாண்டத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அக்கா, அத்தான், அவர்களுடைய மகள், அம்மா, நான். ஐந்து பேர். டிக்கி நிறையப் பலகாரமும் பாத்திரமும். பஸ்ஸில் வருகிறேன் என்று அம்மா அன்றும் சொன்னாள். கல்யாண வீட்டுக்கு வண்டி இருக்கும்போது பஸ்ஸில் வந்து இறங்கினால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று நான்தான் பிடிவாதமாக ஏற்றினேன். சுங்கான்கடை தாண்டியதிலிருந்தே பின்பக்கம் ஒரு சத்தம். ஒவ்வொரு குழியிலும் டயர் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் கவரில் உரசியது. தனியாக ஓட்டும்போது வராத சத்தம். ஆட்கள் ஏறி வண்டி தாழ்ந்ததும், வெளியே தள்ளி நின்ற சக்கரத்துக்கு மேலே போக இடமில்லை.

வில்லுக்குறிக்கும் தக்கலைக்கும் நடுவே மழை வலுத்தது. ரோடு முழுக்கக் கலங்கல் தண்ணீர். அகலமான டயர் தண்ணீரில் சீக்கிரம் மிதக்கும் என்று படித்திருந்ததால் வேகத்தைக் குறைத்துத்தான் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு டாரஸ். ஓரம் ஒதுங்கினேன். ஓரத்தில் தண்ணீருக்கு அடியில் குழி இருந்தது.

வந்தது டயர் விழுகிற சத்தம் இல்லை, இரும்பு கல்லில் மோதுகிற சத்தம். பின்சீட்டில் அக்கா மகள் அலறினாள். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். இடது முன்சக்கரத்தின் ரிம் ஒரு இடத்தில் உள்வாங்கியிருந்தது. அதற்கு நேரே சைடுவாலில் கொழுக்கட்டை அளவுக்கு ஒரு புடைப்பு. குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் சைடுவால் நசுங்கியபோது உள்ளே இருக்கிற நூல் அறுந்துபோயிருக்கிறது. அதன் மேல் இருப்பது வெறும் ரப்பர். எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும். அந்த டயரில் இன்னொரு அடியும் நகரக்கூடாது.

ஸ்டெப்னி இருந்தது. 185/60 ஆர்15, இரும்பு ரிம், புத்தம் புதிது. அதன் உயரம் மற்ற மூன்றோடும் அச்சாகப் பொருந்தும் என்பது எனக்கு மனப்பாடம். அத்தான் குடை பிடித்தார். ஜாக்கி போட்டேன். அலாயைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டெப்னியைத் தூக்கி ஹப்பில் மாட்டினேன். முதல் போல்ட்டைக் கையால் திருகினேன். கடைசி வரை போனது. ஸ்பானர் போட்டு இறுக்கினேன். ரிம்மைப் பிடித்து ஆட்டினால் ஆடியது.

போல்ட்டைத் திருப்பி எடுத்து மொபைல் வெளிச்சத்தில் பார்த்தேன். தலைக்குக் கீழே, ரிம்மோடு போய் உட்காருகிற இடம் கூம்பு மாதிரி சரிந்திருந்தது. அந்த வெளிச்சத்தை ஸ்டெப்னியின் ஓட்டைக்குள் அடித்தேன். அங்கே இருந்தது உருண்டையான குழிவு. போலோவின் சொந்த போல்ட்டுக்கு உட்காரும் இடம் உருண்டை. வெளிக்கடை அலாய்க்குக் கூம்பு. அதனால்தான் அலாயோடு சேர்த்துப் புது போல்ட்டும் கொடுத்திருந்தார்கள். பழைய போல்ட்டுகளை ஒரு கவரில் கட்டிக் கையில் தந்தார்கள். அந்தக் கவரை நான் வீட்டில் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தேன். அது அங்கேதான் இருந்தது.

மழை குடையின் ஓரமாக வழிந்து முதுகில் இறங்கியது. நான் போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். 603, 603.8. எத்தனை ராத்திரி அந்த எண்களைப் பார்த்திருப்பேன். வண்டி ஓடும்போது எல்லாம் எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறேன். நின்றுபோனால் என்ன என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. தனியாக ஓட்டுவதைத் தவிர வேறு எதையும் அந்தக் காகிதத்தில் எழுதவில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். ரோட்டோரத்தில் பூட்டிக்கிடந்த ஒரு கடையின் திண்ணையில் பட்டுச் சேலையோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நடுவைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையை எடுத்து மடியில் வைத்தாள்.

அக்கா என் பக்கத்தில் வந்து குனிந்தாள். சத்தம் கூட்டாமல் சொன்னாள்: "எடே, அம்மை என்னத்துக்கு பஸ்ஸில போறான்னு நெனச்சே? இந்த வண்டியில ஊருக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாளு அவளுக்கு நடு நிமிராது. ஒனக்கிட்ட சொல்லாண்டாம்னு எனக்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கா. நீ ஆசப்பட்டு வாங்கின வண்டியாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மார்த்தாண்டம் பஸ் வந்தது. பாத்திரங்களோடு அவர்களை ஏற்றிவிட்டேன். பஸ் படியில் ஏறும்போது, "நனையாத மக்ளே, உள்ள ஏறி இரி" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுப் பையன் பைக்கில் நனைந்துகொண்டு போல்ட் கவரைக் கொண்டுவரும் வரை நான் அங்கேயே நின்றேன். முகூர்த்தம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன்.

அடுத்து வண்டியை விட்ட டயர் கடையில் வயதான அண்ணாச்சி ஒருவர். புடைப்பைப் பார்க்கவே இல்லை. அளவுக்குப் பக்கத்தில் இருந்த எண்ணை விரலால் துடைத்துப் படித்தார். "எம்பத்தி மூணு. ஆளேத்தாம ஓட்டுகதுக்குக் கொள்ளாம்" என்றார். அந்த எண் ஒரு டயர் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கான குறியீடு. 84 என்றால் 500 கிலோ. 83 என்றால் 487. ஒரு டயருக்கு 13 கிலோ குறைவு, நாலுக்கும் சேர்த்து 52. அம்மாவின் எடை ஏறத்தாழ அவ்வளவுதான். இதே 215/40 ஆர்17 அளவில் எக்ஸ்எல் என்று போட்டு, 87 எண்ணோடு, 545 கிலோ தாங்குகிற டயர் கிடைக்கும். விலை கூடுதல் என்று நான் அதை விட்டிருந்தேன். போதாக்குறைக்கு பழைய டயருக்குச் சொன்ன காற்றழுத்தத்தையே இதற்கும் வைத்து ஓட்டியிருக்கிறேன். பாரத்தைச் சுமப்பது ரப்பர் இல்லை, உள்ளே அடைத்த காற்று. குட்டையான டயரில் காற்றுக்கு இடமே குறைவு. அதற்குத் தகுந்தபடி அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் வண்டி இன்னும் தூக்கிப்போடும். கொஞ்ச நாளாக வேகம் 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கிவந்தது, அதற்கும் காரணம் கிடைத்தது. ஒரு சக்கரத்தில் நடுத்துளைப் பிளாஸ்டிக் வளையம் உடைந்திருந்தது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். வளைந்த அலாயை அடித்து நிமிர்த்தித் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை, செட்டாகக் கொடுத்தபோது பாதி விலைகூடத் தேறவில்லை. முன்பக்க ஷாக் அப்சார்பரும் லோயர் ஆர்ம் புஷ்ஷும் போயிருந்தன. புது டயர் தனி. அந்தக் காசை இப்போது நினைத்தால் வருத்தம் இல்லை. அம்மாவை பஸ்ஸில் அனுப்பிய மாதங்களை நினைத்தால்தான் ஆறமாட்டேன் என்கிறது.

சட்டமும் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பற்றி, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தயாரித்தவர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது அதன் சாரம். அதே வருடம் வந்த திருத்தச் சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குப் போய்வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாம் முடிந்த பிறகு, போலோவைத் தயாரித்தவர்களே இதே வண்டியை எப்படிப் பெரிதாக்கினார்கள் என்று பார்த்தேன். 2016-க்குப் பின் வந்த ஜிடியில் 16 இஞ்ச் ரிம் கொடுத்தார்கள். டயர் 195/55 ஆர்16. கணக்குப் போட்டால் சைடுவால் 107 மி.மீ. ரிம் ஒரு இஞ்ச் பெரிதானபோதும் சைடுவாலில் அவர்கள் விட்டுக்கொடுத்தது 4 மி.மீ.தான். சக்கரத்தின் உயரம் 621-க்குப் போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். நான் உயரத்தைக் காப்பாற்ற சைடுவாலை வெட்டினேன். அவர்கள் இந்தியச் சாலைக்குச் சைடுவாலைக் காப்பாற்றிவிட்டு மற்றதை அதற்குத் தக்கபடி அமைத்தார்கள். 15 இஞ்ச் ஜிடிக்கு ஒரு படி மேலே போயே தீர வேண்டும் என்றால் 195/50 ஆர்16 84 இருக்கிறது. உயரம் 601 மி.மீ., பாரம் அதே 500 கிலோ, சைடுவால் 97 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. அந்த ஆசைகூட எனக்கு இப்போது இல்லை. முன்னால் கண்ணை உறுத்திய அந்த இடைவெளி, ஐந்து பேர் ஏறும்போது சக்கரம் மேலே போவதற்காக விட்ட இடம்.

15 இஞ்ச் திரும்பி வந்த பிறகு அம்மாவை குலசேகரம் கூட்டிப்போனேன். திருவட்டாறு தாண்டியதும் பின்சீட்டில் தூங்கிவிட்டாள்.

அலாய் மாற்றப் போகிற தம்பிகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான். கடைக்குப் போகும் முன் ஓட்டுநர் கதவோரத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் படியுங்கள். புது டயரின் பாரக் குறியீடு பழையதைவிட ஒரு எண்கூடக் குறையக்கூடாது. ஸ்டெப்னியின் போல்ட்டுகள் டிக்கியில் இருக்கட்டும். பின்சீட்டில் உட்காருகிற அம்மாவிடம் கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லுவார். அதனால் காசு கொடுக்கும் முன், அதே அளவு போட்ட வண்டி ஒன்றை யாரிடமாவது கேட்டு வாங்கி, வீட்டு ஆட்கள் எல்லோரையும் ஏற்றி, தக்கலை ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். காவல்கிணற்று நான்குவழிச் சாலையில் வேண்டாம்.